வாடகை நோட்டில் பெண்கள்

அப்பாவின் கடையில் மொத்தம் 11 சைக்கிள்கள் இருந்தன. பெரிய வண்டி ஏழு, முக்கால் வண்டி இரண்டு, சின்னப் பிள்ளைகள் ஓட்டும் அரை வண்டி இரண்டு. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். எடுக்கிறவர் பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம், வாங்கிய காசு, இந்த ஐந்தையும் அப்பா ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதிவைப்பார். கரையான் தின்றது போக அப்படி 14 நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் பக்கம். வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வருவது சித்தன்னவாசல் ஓவியத்தையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் பார்க்க. இரண்டும் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களின் கதையை எந்தப் பாறையிலும் யாரும் வெட்டிவைக்கவில்லை. நான் அறிந்தவரை அது இருப்பது இந்த வாடகை நோட்டுகளில்தான். அவற்றை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

1976-இல் தொடங்கும் நோட்டிலிருந்து 1991-ஆம் ஆண்டு நோட்டின் முன்பாதி வரைக்கும் ஒரு பெண்ணின் பெயர்கூடக் கிடையாது. அதற்காக அந்தப் பதினைந்து வருடமும் பெண்கள் வீட்டைவிட்டு நகரவில்லை என்று அர்த்தமில்லை. தண்ணீருக்கு நடந்தார்கள், விறகுக்கு நடந்தார்கள், கல் உடைக்க நடந்தார்கள். தூரமாக ஏதாவது வேலை என்றால் புருஷனோ அண்ணனோ மகனோ மிதிக்க, கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனார்கள். அப்படிப் போனதெல்லாம் மிதித்த ஆணின் பெயரில்தான் நோட்டில் ஏறியிருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் பெண்கள் வாயிலிருந்து அதிகமாகக் கேட்ட பேச்சு, 'கூட்டிட்டுப் போக ஆளில்ல' என்பது. என் அப்பத்தாவுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தனியாகப் போய்ப் பழக்கமில்லை. சித்தப்பா, "அறுப்பு முடியட்டும் ஆத்தா" என்றார். அறுப்பு முடிந்து, போரடித்து, நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் கூட்டிப்போனார். அதற்குள் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. சித்தப்பா பாசமில்லாதவர் அல்ல. பெண்ணின் அவசரம் ஆணின் ஒழிவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் இயல்பாக இருந்தது. அப்பத்தாவுக்கே அது இயல்பாகத்தான் இருந்தது.

எங்கள் மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்து, 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. அதன்பின் திருச்சி மாவட்டத்தின் பகுதியாகி, 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. மழை பெய்தால் கண்மாய் நிறையும், பெய்யாவிட்டால் வானம் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். வயல் கைவிட்ட வருடங்களில் சனங்களுக்குக் கஞ்சி ஊற்றியது பாறை. நார்த்தாமலைப் பக்கம் தொடங்கி எங்கே பார்த்தாலும் கல்குவாரி. அங்கே ஜல்லி உடைத்தவர்களில் பெண்கள் ஏராளம்.

இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசிக் குடும்பத்தில் வந்த தாய்க்கு மகள். பெண்பிள்ளைகளைக் குறிப்பிட்ட வயதுக்குமேல் பள்ளிக்கு அனுப்பாத காலம். வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார், பிறகு சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். அவர் தன் வாழ்வைத் தன் கையில் எடுத்தபோது அதற்கு ஒரு மன்னரின் உத்தரவு தேவைப்பட்டது. எண்பது வருடம் கழித்து, அதே மண்ணில் லட்சம் கிராமத்துப் பெண்கள் அந்தக் காரியத்தை ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு செய்தார்கள்.

1990-இல் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. எனக்கு அப்போது 19 வயது. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தம்பி ஆறாவது படித்தான். கடையை யாருக்காவது தள்ளிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடைச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

முதலில் நோட்டு எழுதினேன். ஒரு மாதத்தில் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி குழறின வாயால் சொல்வார், நான் செய்வேன். டயரை நெம்பி டியூபை உருவ வேண்டும். காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். "அவசரப்பட்டு ஒட்டுனா ஒட்டாது ஆத்தா, காயவிடு" என்பார் அப்பா. அடுத்து கோட்டம் எடுக்கப் பழகினேன். வீலைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டையில் எந்த இடம் உரசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்துப் போக்ஸ் கம்பியைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை முறுக்க வேண்டும். கண்ணைவிடக் காதுதான் அதற்கு முக்கியம்.

ஆனால் எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த எனக்கு அதன்மேல் ஏறத் தெரியாது. வேலை முடிந்ததும் தெருவில் போகிற ஏதாவது ஒரு பையனைக் கூப்பிட்டு, "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வாடா" என்று கெஞ்ச வேண்டும். அவன் திரும்பி வந்து, "சரியா இருக்குக்கா" என்று சொன்ன பிறகுதான் என் வேலை சரி என்று எனக்கே தெரியும். நான் செய்த வேலைக்கு ஒரு சிறுவன் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அறிவொளி வந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கியிருந்தது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த வழியில் 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் இறங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னால் நின்றார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் தோள்கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் கலைக்குழு வந்து நாடகம் போட்டது. படித்த இளைஞர்களும் பெண்களும் சம்பளமில்லாத் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். நானும் சேர்ந்தேன். ராத்திரி ஏழு மணிக்குமேல், மாரியம்மன் கோயில் திண்ணையில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. என் வகுப்பில் 12 பெண்கள். அதில் எட்டுப் பேர் கல் உடைக்கிறவர்கள். சிலேட்டுக் குச்சி அவர்கள் விரலில் நிற்கவே நிற்காது. சம்மட்டி பிடித்துப் பிடித்து விரல் மடங்காது.

எழுத்தைச் சொல்லிக்கொடுக்க வந்த இயக்கம் சைக்கிளையும் கையில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. தொண்டர்களில் பெண்கள் நிறைய. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் வகுப்புக்குப் போக வேண்டுமானால் அவர்களுக்கும் 'கூட்டிட்டுப் போக ஆள்' வேண்டியிருந்தது. படிக்க வருகிற பெண்ணுக்கும் அதே கதை. எழுத்துத் தெரிந்தும் இருந்த இடத்தைவிட்டு நகர முடியாது என்றால் அந்த எழுத்தை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது? அதனால் சைக்கிள் பயிற்சியும் பாடத்தின் பகுதியானது. அதற்கென்று ஒரு பாட்டே கட்டி ஊரெல்லாம் பாடினார்கள்.

எங்கள் ஊரில் பயிற்சி நடந்த இடம் காய்ந்து கிடந்த ஊருணி. நிலா வெளிச்சம் உள்ள ராத்திரிகளில் போவோம். முதல் காரணம் பகலில் எல்லோருக்கும் வேலை. இரண்டாவது காரணம் வெட்கம். லேடீஸ் சைக்கிள் எங்கள் கடையில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பார் போட்ட வண்டி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, முதலில் குரங்குப் பெடல். ஒருத்தி ஏறினால் இரண்டு பேர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். "வீலப் பாக்காத, முன்னால பாரு! நிமுந்து பாருத்தா!" என்று கத்துவார்கள். முந்தானை செயினில் மாட்டிக் கிழியும். முட்டி பெயரும். தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டு மறுநாளும் வருவார்கள்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, என் அத்தாச்சி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவதாக நினைத்து நான் மிதித்துக்கொண்டே போனேன். அவள் பேச்சுச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஊருணியின் அந்தக் கரையில் நிற்கிறாள். அங்கிருந்து இந்தக் கரைவரை நான் தனியாக வந்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் கீழே விழுந்தேன். விழுந்ததைப் பற்றிக் கவலையே இல்லை. மறுநாள் காலையில் கோட்டம் எடுத்த வண்டியை நானே ஓட்டிப் பார்த்தேன். அதன்பிறகு எந்தப் பையனையும் கூப்பிடவில்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். 1991 ஆகஸ்டில், 4-ஆம் நம்பர் வண்டிக்கு எதிரே, முதல் பெண்ணின் பதிவு இருக்கிறது. எழுதியது நான்தான். 'கீழத்தெரு மூக்கன் சம்சாரம், 1 மணி' என்று எழுதியிருக்கிறேன். அது பெயரே இல்லை. அந்த வழக்கம் என் கையிலும் ஊறிக் கிடந்தது. அடுத்து வந்தவர்கள் 'இன்னார் மகள்', 'இன்னார் அம்மா', 'வடக்குவீட்டு மருமகள்'. அப்படியே மூன்று மாதம் ஓடுகிறது. பிறகு ஒரு நாள், என் வகுப்பில் படித்த கல்லுடைக்கிற அக்கா ஒருத்தி வண்டி கேட்டு வந்தாள். நான் வழக்கம்போல் எழுதப் போனேன். "இரு தாயி, நான் எழுதுறேன்" என்று பேனாவை வாங்கினாள். நாலு எழுத்துப் பெயர். எழுதி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. ஒரு கோட்டில் எழுத வேண்டியதை மூன்று கோடு அடைத்து எழுதியிருக்கிறாள். கடைசி எழுத்தின் புள்ளியை அழுத்தி வைத்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. விரலால் தடவினால் தெரியும்.

அதற்குப் பிறகு நான் யாருடைய சம்சாரத்தையும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அவர்களே எழுதினார்கள். தெரியாதவர்களிடம் பெயர் கேட்டு எழுதினேன். சில கிழவிகள் தங்கள் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டார்கள். நாற்பது வருடமாக யாரும் அவர்களைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இதெல்லாம் சுலபமாக நடக்கவில்லை. டீக்கடை வாசலில் அசிங்கமாகப் பேசினார்கள். சிலருக்கு வீட்டில் அடி விழுந்தது. "பொம்பள சைக்கிள் ஓட்டுனா மழ பேயாது" என்றுகூட ஒரு பெரியவர் சொன்னார். என் கடையின் டயர்களை ஒரு ராத்திரி யாரோ பிளேடால் கிழித்துவிட்டார்கள். அதேசமயம் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிக் கற்றுக்கொடுத்த ஆண்களும் இருந்தார்கள். மனைவிக்கு வாடகைக் காசு கொடுத்து அனுப்பிய கணவர்களும் இருந்தார்கள். அவர்களையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும்.

கல்குவாரியில் வந்த மாற்றம் பெரியது. அதுவரை குவாரிக் குத்தகை ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்தது. கல் உடைக்கிறவர்கள் அவர்களிடம் முன்பணம் வாங்கிவிட்டு, கடன் எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று தெரியாமலே உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் மாவட்ட நிர்வாகம், கிராமப்புறப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுக்கான டுவாக்ரா திட்டத்தின் கீழ் குழு சேர்ந்த கல்லுடைக்கும் பெண்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. கூலிக்கு உடைத்தவர்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். லோடு கணக்கைத் தாங்களே எழுதினார்கள். குத்தகை கைக்கு வந்தவுடன் வேலையும் கூடியது. ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும், வங்கிக்குப் போக வேண்டும், லாரிக்காரரிடம் பேச வேண்டும். அங்கேதான் எழுத்தும் சைக்கிளும் சேர்ந்து கைகொடுத்தன. ஒன்று மட்டும் இருந்திருந்தால் பாதிதான் நடந்திருக்கும். என் நோட்டில் அந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு எடுத்து மத்தியானம் இரண்டு மணிக்கு விட்ட பதிவுகள் பெண்கள் பெயரில் வரிசையாக இருக்கின்றன. அத்தனையும் ஆபீசுக்கும் வங்கிக்கும் போய் வந்தவை.

1992 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். புதுக்கோட்டை டவுனுக்குள் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். ஹேண்டில்பாரில் கொடி, கை ஓயாமல் மணியடி. எங்கள் கடை வண்டிகளில் ஓடும் நிலையில் இருந்த ஒன்பதும் அன்று அங்கே இருந்தன. வாடகை வாங்கவில்லை. நோட்டில் அந்த நாளுக்கு எதிரே ஒன்பது பெயர்களும், காசு எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடும் இருக்கின்றன. மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல். அதில் 70,000-க்கும் மேற்பட்டோர் ஊரார் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். சொந்தமாக வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் ஏற்பாடு செய்தார். அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக யுனிசெஃப் 50 மொபெட்டுகள் ஒதுக்கியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே வந்து எழுதியது 1996-இல் வெளியான அவர் புத்தகத்தில் ஒரு அத்தியாயமாக இருக்கிறது. அதுவே பின்னால் எட்டாம் வகுப்பு என்சிஇஆர்டி இந்திப் பாடநூலில் பாடமானது. வடக்கே பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பெண்களைப் பாடமாகப் படித்தார்கள்.

அந்த நாட்களில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பலர் பார் போட்ட வண்டியையே கேட்டார்கள். முன்னால் பாரில் ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் அல்லது கீரைக்கட்டு. ஒரே நடையில் இரண்டு வேலை முடிந்தது. பூ விற்கிற அம்மாவுக்கு பஸ்ஸுக்காக வேகாத வெயிலில் நிற்கிற வேலை போனது. விற்று முடித்து மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தாள். மிச்சமான இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "சும்மா படுத்திருப்பேன்த்தா" என்றாள். தன் உடம்புக்கு ஓய்வு கொடுக்கவும் அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சைக்கிள் எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். குடி இருந்தது, சாதி இருந்தது, வரதட்சணை இருந்தது, இப்போதும் இருக்கிறது. படித்த எழுத்தைப் புழங்காமல் மறந்துபோனவர்கள் உண்டு. ஆனால் ஒன்று திரும்பி வரவேயில்லை. 'கூட்டிட்டுப் போக ஆளில்ல' என்று ஒரு பெண் காரணம் சொல்வதை எங்கள் ஊரில் நான் பிறகு கேட்கவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வழியில் போவது, எப்போது திரும்புவது என்று தானே முடிவுசெய்கிறவளால்தான் மற்றதையும் முடிவுசெய்ய முடியும். வாழ்க்கையைக் கையில் எடுப்பது என்பது எங்களுக்கு ஹேண்டில்பாரைக் கையில் பிடித்ததில்தான் தொடங்கியது.

பிறகு காலம் மாறியது. 2001-02-இல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தமிழக அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிவானது. வீட்டுக்கு வீடு சைக்கிளும் டிவிஎஸ் வண்டியும் வந்ததும் வாடகைக்குக் கேட்க ஆளில்லை. கடைசி வாடகைப் பதிவு 2004-இல். அதற்காக நான் வருத்தப்படவில்லை. வாடகைக்கு எடுத்தவர்கள் சொந்தமாக வைத்திருக்கிறார்கள் என்பது நல்ல முடிவு. ரிப்பேர்க் கடையாக இன்னும் நடத்துகிறேன். எனக்கு இப்போது 50 வயது தாண்டிவிட்டது. கோட்டம் எடுக்கும்போது காது இன்னும் சரியாகத்தான் கேட்கிறது.

ஆனால் அண்மைக் காலமாக ஒன்று என் கண்ணில் படுகிறது. மாணவிகளுக்கு என்று கொடுத்த வண்டியைப் பஞ்சர் ஒட்டக் கொண்டுவருகிறவன் அவள் அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்கிறான். "பாப்பா எப்படிப் போகுது?" என்று கேட்டால், "அப்பா வண்டியில கொண்டுபோய் விடுறாரு" என்கிறான். பாசம்தான், பயம்தான், புரிகிறது. என் சித்தப்பாவும் பாசக்காரர்தான்.

அதனால் இதைப் படிக்கிற தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் சொல்கிறேன். உங்கள் மகள் பெயரில் வந்த வண்டியை அவளிடமே விடுங்கள். பஞ்சரானால் அவளையே தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். என் கடையில் எந்தப் பெண்பிள்ளை வந்தாலும் டியூபை உருவுவது எப்படி, குமிழியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. நோட்டில் பெயரை மட்டும் அவள் கையால் எழுதச் சொல்கிறேன்.